நாற்பத்தொன்று

பத்தொன்பதாம் மாடிக்கும் மேலே
லிப்ட் மெசின் அறை.
சாவி என்னிடம்.
பம்பலப்பிட்டியில் எனக்குக் கிடைத்த வானம்
அந்தச் சாவியோடு வந்தது.

புறக்கோட்டையில் பழையதாய் வாங்கிய பைனாகுலர்,
ஒரு கண்ணில் பூஞ்சணம்.
சீஆர் கொப்பி ஒன்று:
இடப்பக்கம் லிப்ட் பழுதுகள்,
வலப்பக்கம் நாற்பத்தொன்று.

அதன் இலக்கத்தின் கடைசி இரண்டும் அது.
முழுப்பெயரும் ஒன்று இருந்தது.
வைத்தவர்கள் அதனோடு கதைப்பதை நிறுத்தி
எட்டு வருடம்.
நான் நூற்றி எண்பத்தாறு தடவை பார்த்திருக்கிறேன்.
உருண்டு உருண்டு வரும்,
பதினொரு செக்கனுக்கு ஒருமுறை மினுங்கும்
மாற்ற ஆளில்லாத ட்யூப் லைட்டைப் போல.

போன மாதத்திலிருந்து முந்தத் தொடங்கியது.
காற்று பிடித்து இழுக்கிறது.
இழுக்க இழுக்கத் தாழ்கிறது,
தாழத் தாழ வேகம் கூடுகிறது.
கணக்கு எனக்கு விளங்கும். ஆனாலும்
பிடித்தால் நிற்கவேண்டும் என்பதற்கு
பதினாறு வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.
கயிறு அறுந்தால்
பெட்டியின் இருபுறமும் இரும்புப் பல் விரிந்து
தண்டவாளத்தைக் கவ்வும்.
ஓரடி. மிஞ்சினால் இரண்டு.
குழறுவார்கள். சாகமாட்டார்கள்.

மேலே தண்டவாளம் இல்லை.

இன்றோடு சரி என்றார்கள்.
ஏழு இரண்டுக்கு வரவேண்டும்.
ஆறு ஐம்பத்தாறுக்கு போன்.
செக்யூரிட்டி விமலதாச, அவருடைய தமிழில்:
"தயாபரன் அண்ணே, ரெண்டாம் லிப்ட் நிண்டது.
ஏழு, எட்டு, நடுவில.
உள்ள மிஸிஸ் ஜிஃப்ரி. மீன் பேக்கும் இருக்கு."

"பத்து நிமிஷம்."
"பத்தா?"
மூன்று போதும் என்று அவருக்குத் தெரியும்.
"மேல ஒரு வேலை" என்றேன்.
பொய் இல்லை.

ஆனாலும் நிற்க முடியவில்லை.
மெசின் அறைக் கதவில் கை வைத்தபோது
தெகிவளைப் பக்கக் கடலுக்கு மேல்
அது ஏறியது.
நாலு நிமிடம் முந்தி.

மினுங்கவில்லை.
முதல் தடவையாக மினுங்காமல்
ஒரே வெளிச்சமாய், மஞ்சளாய்,
எங்கே போகிறோம் என்று கேட்டறிந்துகொண்ட ஆள் மாதிரி.
பைனாகுலர் கழுத்தில் கிடந்தது. மறந்துபோனேன்.
அகத்தியனை வலப்புறம் விட்டு,
திருவாதிரையை உரசுவதுபோல் கடந்து,
என் கழுத்து திரும்பிமுடிய முன்
தாமரைக் கோபுரத்துக்கு அப்பால் போய்விட்டது.
அங்கே சிவந்தது.
பிறகு பூமியின் நிழல்.

கீழே பாணந்துறை ரயில்,
கதவுகளில் தொங்கிக்கொண்டு ஆட்கள்.
காலி வீதி ஹோன்கள்.
ஒருவராவது நிமிர்ந்தார்களா தெரியவில்லை.
நானும் அவர்களைப் பார்க்கவில்லைத்தானே.

உள்ளே போனேன்.
மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி,
சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
ஒரு சுற்றுக்கு இத்தனை அங்குலம்.
கயிற்றில் ஏழாம் மாடியின் மஞ்சள் அடையாளம் வரும்வரை
மிஸிஸ் ஜிஃப்ரியையும் அவருடைய மீனையும்
மெல்ல, மிக மெல்ல, இறக்கினேன்.
கை நடுங்கியது.
இந்த வேலையில் எனக்குக் கை நடுங்குவதில்லை.

படியால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.
ஐஸ் உருகி லிப்ட் தரையெல்லாம் தண்ணீர்.
"இவ்வளவு நேரம் என்ன செஞ்சீங்க?"
"வானத்தில ஒண்டு போனது. பார்த்துக்கொண்டு நிண்டுட்டன்."
திட்டுவார் என்று நினைத்தேன்.
"நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.
மீன் பையை வாங்கிக்கொண்டு
பதினாலாம் மாடி வரைக்கும்
படியேறிப் பதில் யோசித்தேன்.

கொப்பி.
இடப்பக்கம்: லிப்ட் இரண்டு, கதவுத் தொடுமுனை, சரி.
வலப்பக்கம்: நூற்றி எண்பத்தேழு. 6.58. மினுங்கவில்லை.
அதற்குக் கீழே
நூற்றி எண்பத்தெட்டு என்று
போன கிழமையே இலக்கம் போட்டு வைத்திருந்தேன்,
விரல் பழக்கத்தில்.

வெட்டவில்லை.
பக்கத்தில் எழுதினேன்:
இரண்டாம் லிப்டின் பற்கள், நாளை பார்க்க.